குதிரைக்கு வைத்த தொலி

இந்த உலகத்தில் இதுவரை சீவி எறிந்த காய்கறித் தோலில் பாதியை எங்கள் சமையல்காரர் தின்றிருப்பார். மீதியை என்னைத் தின்ன வைத்திருப்பார். தோலை அவருடைய மதுரைப் பக்கத்தில் தொலி என்பார்கள். அதனால் அவருக்குத் தொலியாண்டி என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவரே மறந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

இலங்கையில் ரயில் பண்டாரவளையைத் தாண்டிப் போகாத காலம் அது. நமுனுகுல மலைப்பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் கணக்கப்பிள்ளை. பேரைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். மழையில் நின்று கொழுந்து எடுக்கிறவர்களை விரட்டுவதும், தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கிய திட்டைக் கீழே பிரித்துக் கொடுப்பதும்தான் என் உத்தியோகம். எனக்கும், ஃபாக்டரியில் தேயிலை தயாரிக்கும் டீமேக்கர் ஐயாவுக்கும், மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயாவுக்கும் கல்யாணம் ஆகவில்லை. மூன்று பேருக்கும் ஒரே வீடு, ஒரே சமையல்காரர்.

வாழைக்காய்த் தொலி வறுவல், பூசணித் தொலிக் கூட்டு, பீர்க்கங்காய்த் தொலித் துவையல். இதெல்லாம் பரவாயில்லை, எல்லார் வீட்டிலும் உண்டு. தோடம்பழம் என்கிற ஆரஞ்சின் தொலியைக் காயப்போட்டுப் புளியில் கொதிக்க வைத்து ஊற்றினார். அதற்கும் தலையாட்டினோம். ஒரு நாள் பலாப்பழத்தின் முள்ளுத் தொலியை அரை நாள் வேகவைத்துக் கொண்டுவந்து வைத்தாரே, அன்றைக்குத்தான் டீமேக்கர் ஐயா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“ஏய் தொலியாண்டி, இதென்ன மாட்டுக்கு வைக்கிறதா?”

“எந்த மாடாச்சும் வயித்து வலின்னு டிஸ்பென்சர் ஐயாகிட்ட வந்திருக்குங்களா?”

“துவர்ப்பு நாக்கை இழுக்குதேய்யா.”

“அந்தத் துவர்ப்புதாங்க மருந்து. அதுக்குத்தானே சீமையில நம்ம தேயிலையைக் காசு குடுத்து வாங்கிக் குடிக்கிறான்.”

டீமேக்கர் ஐயாவுக்குச் சோறு போடுவதே அந்தத் துவர்ப்புத்தான். மனிதர் மீசையைத் தடவிக்கொண்டு கை கழுவப் போய்விட்டார்.

தொலியாண்டியண்ணனுக்கு இதில் ஒரு சித்தாந்தமே உண்டு. “மழை, வெயிலு, பனி, பூச்சி, இத்தனையும் தடுத்து நின்னது தொலிங்க. உள்ள இருக்கிறது சும்மா படுத்துக் கெடந்தது. சண்டை போட்டவனை வெளிய எறிஞ்சிட்டு, தூங்கினவனைத் திங்கிறீங்களே, இது நியாயமாங்க?” என்பார். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தின்கிற ஆளும் இல்லை. மரவள்ளித் தொலியும், பச்சை ஏறின உருளைக்கிழங்குத் தொலியும் நேரே குப்பைக் குழிக்குப் போகும். “அதுக சண்டை வெறியில நம்மளையும் சேர்த்து அடிச்சிருங்க” என்பார்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன், சிரிக்காமல் கேளுங்கள். அவர் வருவதற்கு முன்னால் வெள்ளைச் சோறும் கருவாடுமாகத் தின்று என் வயிறு பூட்டிக்கொண்டிருந்தது. மூன்று நாளைக்கு ஒரு தடவை போனால் அன்றைக்கு எனக்குத் திருவிழா. டிஸ்பென்சர் ஐயா ஒரு கோப்பை நிறைய விளக்கெண்ணெய் கொடுத்தார். அது வேலை செய்கிற நேரம் பார்த்துத்தான் துரை மலையைச் சுற்றிப் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த ஆறு மைலை நான் எப்படி நடந்தேன் என்று எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். தொலியாண்டியண்ணன் வந்த மூன்றாம் வாரம் பூட்டு தானாகத் திறந்தது. தொலி செய்த வேலையா, கூடவே அவர் மிரட்டிக் குடிக்க வைத்த தண்ணீர் செய்த வேலையா, எனக்குத் தெரியாது. நான் மனிதனானேன், அது போதும்.

மூன்று பேருக்கு வாங்குகிற காய்கறியில் தொலி எவ்வளவு வரும்? அண்ணனுக்குப் போதவில்லை. ஒரு நாள் துரையின் பங்களாப் பின்வாசலில் ஒரு வாளியைப் பார்த்துவிட்டார். துரைசாணிக்குத் தோல் கண்ணில் படக்கூடாது. அதனால் பங்களாச் சமையல்காரனான கோக்கி கரட்டையும் பீட்ரூட்டையும் பாதிச் சதையோடு சீவி அந்த வாளியில் போட்டு வைப்பான். எறியத்தான் வைத்திருக்கிறார்கள் என்று அண்ணன் நினைத்தார். தினமும் கூடையில் அள்ளிவந்து, மூன்று தண்ணீரில் கழுவி, தேங்காயும் காய்ந்த மிளகாயும் சேர்த்து அரைத்தார். அந்தப் பீட்ரூட் தொலித் துவையலை டீமேக்கர் ஐயாவே மூன்றாம் தடவை கேட்டு வாங்குவார். இரண்டு மாதத்தில் என் முகத்தில் ஒரு மினுமினுப்பு வந்தது. அதே இரண்டு மாதத்தில் துரையின் குதிரைக்கு இருந்த மினுமினுப்புப் போனது.

அந்த வாளி குதிரைக்கு வைத்தது.

ஆள் எண்ணி வேலை பிரிக்கிற காலைப் பெரட்டில் விஷயம் வெடித்தது. முந்நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். துரை எலும்பு துருத்திய குதிரையில் வந்து இறங்கினார். சாதாரண நாளிலேயே அவர் சிடுமூஞ்சி. ரொட்டியும் முட்டையும் இறைச்சியும் தவிர வேறு தொடமாட்டார். என் பழைய கஷ்டம் தெரிந்தவனுக்கு அந்த முகத்தைப் பார்த்தாலே காரணம் புரியும். குதிரைக்காரனை இழுத்து நிறுத்தி, “குதிரை தீனி எங்கே? சொல்லு. இல்லே, இன்னைக்கே பத்துச்சீட்டு” என்றார். பத்துச்சீட்டு என்றால் வேலையும் போச்சு, லயம் என்கிற வரிசை வீட்டில் இருக்கிற அறையும் போச்சு. குதிரைக்காரன் அழ ஆரம்பித்துவிட்டான்.

தொலியாண்டியண்ணன் முன்னால் வந்தார்.

“அவன் மேல குத்தமில்லைங்க தொரை. நான்தான் எடுத்தேன். எறிஞ்சதுன்னு நெனச்சிட்டேங்க.”

“யார் தின்னது?”

அண்ணன் எங்கள் மூவரையும் ஒரு தடவை பார்த்தார். தோட்டத்து ஐயாமார் குதிரைத் தீனி தின்றார்கள் என்று தெரிந்தால் நாளைக்கு எங்கள் சொல்லை எவன் கேட்பான்? டீமேக்கர் ஐயா நமுனுகுல உச்சியை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். டிஸ்பென்சர் ஐயாவுக்கு இருமல் வந்துவிட்டது.

“நான்தாங்க தின்னேன்” என்றார் அண்ணன்.

“தினம் ஒரு வாளி? ஒரு ஆள்?”

“ஆமாங்க. எனக்குப் பசி கொஞ்சம் ஜாஸ்திங்க.”

“பொய். உனக்குப் பத்துச்சீட்டு. போ.”

வாயைத் திறந்தால் என் மானம் போகும். திறக்காவிட்டால் அண்ணன் போவார். சத்தியமாகச் சொல்கிறேன், மானத்தைக் காப்பாற்றலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

“நான் தின்னேங்க தொரை” என்றேன். “ரெண்டு மாசமா நான்தான் தின்னேன்.”

கொழுந்தெடுக்கும் பெண்கள் வரிசையில் முதலில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் முந்நூறு பேரும் சிரித்தார்கள். கங்காணி அதட்டிப் பார்த்தார், பிறகு அவரும் சிரித்தார். துரை மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து மேலும் கீழும் பார்த்தார்.

“தின்னு என்ன ஆச்சு?”

“வயிறு சுத்தமாப் போகுதுங்க.”

துரை குரலைத் தாழ்த்தினார். “தினமா?”

“தினமுங்க. காலையில எழும்பின உடனேங்க.”

அவர் முகத்தில் ஓடிய ஏக்கத்தை நான் மட்டும்தான் பார்த்தேன். சட்டென்று விலகி நின்று, “பாதி வாளி குதிரைக்கு. பாதி வாளி இந்த ஐயாவுக்கு. பத்துச்சீட்டு இல்லே. எல்லாம் வேலைக்குப் போ” என்று கத்தினார். அந்த வாரமே பங்களாக் கோக்கி ஒரு ஜாடியை மூடி எடுத்துக்கொண்டு எங்கள் பின்வாசலுக்கு வந்தான். மிளகாய் குறைத்து அரைத்துத் தரச் சொல்லி மேலிடத்து உத்தரவாம்.

பெரட்டு நடந்த அன்று மத்தியானம் நான் கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் ஆட்கள் குதிரைபோலக் கனைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? அண்ணன் தட்டை வைத்து, துவையலில் பெரும்பங்கை எனக்குத் தள்ளினார். “ஏங்க சொன்னீங்க? பழி என் பசியோட போயிருக்கும்ல” என்றார். கண் கலங்கியிருந்தது. உடனே அதை மறைக்க, “குதிரை ஐயா, ஆறிப்போகுது, சாப்பிடுங்க” என்றார்.

தோட்டம் பூராவும் அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டது. அண்ணன் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் லுணுகலைக் கடைத்தெருவில் பழைய ஆட்கள் யாராவது பின்னாலிருந்து “குதிரை ஐயா” என்று கூப்பிட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. அண்ணன்தான் சாப்பிடக் கூப்பிடுகிறாரோ என்று திரும்பிப் பார்க்கிறேன்.