காக்கை நடந்த பனிக்காடு

அன்புள்ள தம்பி முரளிக்கு,

சுண்ணாம்புக்குளத்திலிருந்து அக்கா தெய்வநாயகி எழுதுவது. நான் நலம். நீயும் வெண்ணிலாவும் நலம் என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

கனடாவில் பாதி வருஷம் பனியில் கிடக்கிறவன், புது வீட்டில் மாட்டுவதற்குப் பனிக்காட்டுப் படம் ஏன் கேட்கிறான்? எனக்கு விடை தெரியவில்லை. நீ போனில் கேட்டபோதே திருப்பிக் கேட்டிருக்கலாம். இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது. தவிர, ஆசையாகக் கேட்கிறவனை நோண்டுவது எனக்குப் பழக்கமில்லை. 'அக்கா கையால் வரைந்த படம் வரும்வரை கூடத்தில் ஓர் ஆணிகூட அடிக்கமாட்டேன்' என்றாயே, அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

படத்தைக் கொண்டுவரும் பிரகாஷுக்கு நாளை விமானம். எண்ணெய் வண்ணமோ உப்பேரிக் காற்றில் காய மறுத்தது. அதற்கு முன்பே டர்பன்டைன் வாடையில் தெருவே கூடி, எந்தப் படகுக்குப் பெயின்ட் என்று விசாரித்தது. ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற காசியம்மாள் கூடையை இறக்கிவிட்டுப் படத்தையே பார்த்தாள். "இன்னா டீச்சரம்மா, ஐஸ் லாரி கவுந்துடுச்சா?" பனி என்றேன். "நாங்க பாக்காத மார்கழிப் பனியா? அது இன்னாத்துக்கு மரத்து மேல குந்திக்கினு கீது?" அது வேற பனி, பஞ்சு மாதிரி விழும்னு சொன்னேன். "சரி, வுடு. இத்தினி மரத்துல ஒரு பனைகூட இல்லியே. ஓரமா ஒண்ணு போடும்மா, லட்சணமா இருக்கும்." கல்லூரியில் தாவரவியல் நடத்தியவளிடம் சொல்கிற பேச்சா இது? பனியில் பனை ஏன் பிழைக்காது என்று வேர் முதல் குருத்து வரை விளக்கினேன். முழுசும் கேட்டுட்டு, "ஒண்ணுதானேம்மா கேட்டேன்" என்றாள். கடைசியில் அவளே படத்தைத் தூக்கிக்கொண்டு போய், கருவாடு காயும் பந்தலில் கருவாட்டோடு சாய்த்து வைத்தாள். வெயில் நன்றாகத்தான் அடித்தது. ஒரு காக்கையும் வந்து, கருவாட்டை விட்டுட்டு, என் பனியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்துட்டுப் போச்சு. நான் கத்தினேன். "உங்க தம்பி ஊருல காக்கா நடக்காதா?" என்று காசியம்மாள் கேட்டாள். அதுவும் எனக்குத் தெரியாது. கால்தடங்களை அப்படியே விட்டுவிட்டேன்.

எப்படியோ, படம் காய்ந்துவிட்டது. பனை இல்லை. விஞ்ஞானம் பிழைத்தது. புது வீட்டில் இருவரும் நோய்நொடியின்றி நீடூழி வாழ்க.

அன்புடன்,
அக்கா

பி.கு.: மறுநாள். பெட்டியை ஒட்டுவதற்குள் வெண்ணிலா போன் செய்தாள். "அண்ணி, உங்க வீட்டுக்குப் பின்னால இருக்கிற பனங்காடு எப்படி வந்திருக்கு? இவர் தினமும் அதையே சொல்லிட்டிருக்கார்." பிரமாதமாக வந்திருக்கிறது என்றேன். போனை வைத்துவிட்டுக் கிளைகளையெல்லாம் கத்தியால் சுரண்டி எடுத்தேன். மொட்டை மரம் ஒவ்வொன்றுக்கும் பச்சையில் ஒரு தலை வைத்தேன். எந்தத் தலை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று காசியம்மாள் பக்கத்தில் நின்று அதட்டினாள். கீழே கிடக்கும் வெள்ளையை, கோடையில் வற்றிய ஏரியில் பூத்த உப்பு என்று சொல்லிக்கொள். பிரகாஷ் வாசலில் நிற்கிறான். பச்சை இன்னும் ஈரம், தொடாதே. தாவரவியல் படித்தவர் யாரையும் கூடத்துக்குள் விடாதே. ஆணி அடிக்கலாம்.