கோகிலாவுக்குக் காய்ச்சல் வந்த விதம்

நாடு சுதந்திரம் அடைந்து மூன்று மாதமாகியும் தன்னால் ஒரு மத்தியானம்கூடத் தூங்க முடியவில்லையே என்பது கணேசமூர்த்தியின் தீராத குறை. மலாய் நாட்டுக் கடலோரத்தில், காஜா பெராங்கில் வீடு. ரப்பர்க் கிடங்கில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. கணக்கு எழுதும்போது கண்ணை மூடினால் போதும், ரம்புத்தான் மர நிழலும் பிரம்பு நாற்காலியும் மிதந்து வரும்.

வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் சம்பளத்தோடு மூன்று நாள் லீவு என்று முதலாளி புதிதாக அறிவித்தார். மறுநாளே மனுஷன், மனைவி கோகிலாவுக்குக் கடுங்காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கோகிலாவிடம் மட்டும், கிடங்குக்கு வெள்ளையடிக்கிறார்கள், மூன்று நாள் வேலையில்லை என்று சொல்லிவைத்தார்.

முதல் நாள் காலை. நாற்காலியில் சாய்ந்தார். கடல் காற்று வந்தது. கண் பாதி செருகியது. மீதிப் பாதிக் கண்ணில், பெரிய கிராணி ராஜரத்தினம் சைக்கிளில் ஆரஞ்சுப் பையோடு வருவது தெரிந்தது.

உள்ளே ஓடினார். கோகிலா துணி அலசிக்கொண்டிருந்தாள்.

“போய்ப் படு. உனக்குக் காய்ச்சல்.”

“எனக்கா? எப்பலேருந்து?”

“நேத்துலேருந்து. அதச் சொல்லித்தான் மூணு நாள் லீவு வாங்கினேன். பெரிய கிராணி வர்றாரு, மானத்த வாங்கிடாத.”

கோகிலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்தாள்.

ராஜரத்தினம் பார்த்தார், பரிதாபப்பட்டார், போனார். கோகிலா எழுந்திருக்கவில்லை.

“அவரு போயிட்டாரு. எழுந்திரு.”

“லீவு என் காய்ச்சலுக்குத்தானே குடுத்தாங்க? சம்பளம் வாங்கறோம், நாயமா இருக்க வேணாமா? கஞ்சி வைங்க. துணி பாதியில கெடக்கு.”

துணி அலசினார். பாசாருக்கு ஓடினார். மீன் ஆய்ந்தார். உள்ளே ஜன்னலோரம் கோகிலா தூங்கினாள். திரை ஆடியது. வெயில் அவள் பாதத்தில் ஏறி, சற்றுத் தங்கி, மெதுவாக இறங்கிப் போனது. தூக்கத்தில் லேசாகச் சிரித்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் பகலில் தூங்கிப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. மீன் செதிள் கண்ணில் தெறித்ததும் வெட்கம் போய்க் கோபம் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் ராஜரத்தினம் மறுபடி வந்தார். கணேசமூர்த்தி வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

“நாளைக்கு வேலைக்கு வந்துடறேண்ணே. அவளுக்கு முழுசா குணமாயிடுச்சு.”

உள்ளேயிருந்து இருமல் கேட்டது.

“ஆமாண்ணே, அவரு போகட்டும்,” என்றது ஒரு நலிந்த குரல். “நான் எப்படியாச்சும் சுவத்தப் புடிச்சிக்கிட்டு சமைச்சுக்குவேன்.”

ராஜரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சம்பளத்தோடு இன்னும் ஒரு வாரம் லீவு என்று சொல்லி, கணேசமூர்த்தியின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

சைக்கிள் மறைந்ததும் கோகிலா கூப்பிட்டாள்.

“என்னங்க, வாய் கசக்குது. நாளைக்கு மீன் வேணாம், கோழி வாங்கிட்டு வாங்க.”