நான் செயலாளரைச் சுடவில்லை

அருணாசலம் சார் ஒரு பொய்யர். நான் செயலாளரைச் சுடவில்லை.

இருபத்திரண்டு வருடமாக இந்தப் பொய்யை அவர் கல்யாண வீடு, காதுகுத்து வீடு, பஸ் நிறுத்தம் என்று ஓர் இடம் விடாமல் சொல்லி வருகிறார். போன வாரம் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் எழுதிவிட்டார். கீழே துப்பாக்கிப் படம் வேறு. அறுபத்து மூன்று பேர் சிரித்திருக்கிறார்கள். (எண்ணினேன். அவ்வளவு கோபம்.) அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நான் இயற்பியல் டீச்சர். நடந்ததை நடந்தபடி சொல்வேன், என் முட்டாள்தனத்தையும் சேர்த்து.

அப்போது எனக்கு வயது இருபத்து நாலு. எம்.எஸ்ஸி. முடித்திருந்தேன். உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் பாக்கி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏரலுக்குப் பக்கத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியில் தற்காலிக வேலை. மேலப்பாளையத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போவேன். அங்கே நிரந்தர இடம் ஒன்று காலியாக இருந்தது. போட்டிக்கு இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று செயலாளரின் மச்சினன் மகள். யாருக்குக் கிடைக்கும் என்று கண்டுபிடிக்க எம்.எஸ்ஸி. தேவையில்லை.

செயலாளர் அண்ணாச்சி பள்ளியை நடத்தும் குடும்பத்தின் மூத்தவர். பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்தார். வேலையைப் பற்றி எப்போது கேட்டாலும், "ஆண்டுவிழா முடியட்டும்மா, பாப்போம்" என்பார். எங்கள் வீட்டிலோ உம்மா கெடு வைத்திருந்தாள். அந்த வருடம் நிரந்தரம் ஆகாவிட்டால் பஸ் மாறுவதை நிறுத்திவிட்டு, துபாய் மாப்பிள்ளைக்குச் சரி சொல்ல வேண்டும். ஆக எனக்கு வேலையும் ஆண்டுவிழாவும் வாழ்க்கையும் ஒரே முடிச்சில் கிடந்தன.

அந்த வருடம் ஆசிரியர்கள் நாடகம் போட்டார்கள். எழுதி, இயக்கி, நடித்தவர் தமிழாசிரியர் அருணாசலம் சார். இந்தப் பக்கத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரக் கலெக்டரை ஒரு வாலிபர் சுட்ட கதை. கலெக்டராக அருணாசலம் சார். (நாடகத்தில் உட்கார்ந்துகொண்டே நடிக்கிற பாத்திரம் அது ஒன்றுதான்.) வாலிபராக விளையாட்டு ஆசிரியர் செல்லத்துரை சார். துப்பாக்கியாக, தீபாவளிக்கு வாங்கிய தகர ரிவால்வர்.

ஒத்திகையைப் பார்த்த நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"சார், துப்பாக்கி தப்பு" என்றேன்.

"என்னம்மா தப்பு?"

"இது ரிவால்வர். உருளை சுத்துற வகை. அவர் வச்சிருந்தது தானாத் தோட்டா ஏத்திக்கிடுற பிஸ்டல். சுட்டா மேல்மூடி பின்னால போயிட்டு வரணும்."

"டீச்சர், தரையில உக்காந்து பாக்கவனுக்கு மூடி தெரியுமா, முள்ளங்கி தெரியுமா? டப்புன்னு சத்தம் கேக்கணும், நான் சாவணும். அம்புட்டுதானம்மா நாடகம்?"

நான் விடவில்லை. நூலகத்தில் ஒரு கலைக்களஞ்சியத்தில் அந்தப் பழைய பிஸ்டலின் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்திருந்தேன். அன்றிலிருந்து எனக்கு அதன்மேல் ஒரு கிறுக்கு. துப்பாக்கி சுட்டால் பின்னால் உதைக்கும் என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அந்த உதையை அதுவரை எல்லாரும் தோளில் வாங்கிக்கொண்டு வலிக்கிறது என்றார்கள். இந்தப் பிஸ்டலைச் செய்தவனோ அந்த உதையை வேலைக்கு வைத்துக்கொண்டான். குண்டு முன்னால் போகும்போது மேல்மூடி பின்னால் தள்ளப்படுகிறது. போகிற போக்கில் காலித் தோட்டாவை வெளியே எறிகிறது. ஒரு ஸ்பிரிங் மூடியை மறுபடி முன்னால் தள்ள, அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடுகிறது. எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள். இதை நான் ஆசிரியர் அறையில் அளவுகோலையும் டஸ்டரையும் வைத்து விளக்கிக்கொண்டிருந்தபோது செயலாளர் உள்ளே வந்தார்.

"செஞ்சு காட்டும்மா, பாப்போம்" என்றார்.

மச்சினன் மகளிடம் அவர் எதையும் செய்து காட்டச் சொல்லவில்லை. இதுதான் என் வாய்ப்பு என்று முடிவு கட்டினேன்.

வாப்பாவுக்கு மேலப்பாளையத்தில் சைக்கிள் கடை. பழைய கட்டில் காலில் பிடியைச் செதுக்கினோம். அலுமினியச் சட்டத்தை வெட்டி மேல்மூடியாக்கிக் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். வெடிமருந்து கிடையாது அல்லவா, அதனால் உதையை ஸ்பிரிங்தான் கொடுக்க வேண்டும். மூடியை முன்னால் தள்ளிக் கொக்கியில் மாட்டிவிட்டு விசையை அழுத்தினால் கொக்கி விடும், ஸ்பிரிங் மூடியைப் பின்னால் தள்ளும். ஸ்பிரிங்கை ஒரு சைக்கிள் சீட்டுக்கு அடியிலிருந்து கழற்றினேன்.

"ஏளா, ஆளையே தாங்குற ஸ்பிரிங் இது" என்றார் வாப்பா. "இந்தத் தகரத்துக்கு எதுக்கு இம்புட்டு?"

"உதைன்னா வேகம் வேணும் வாப்பா."

"அப்ப எங்கனயாவது ஒரு தடுப்பு வை. போற சாமான் நிக்கணும்லா?"

"தேவையில்ல. நான் கணக்குப் போட்டுட்டேன்."

கணக்குப் போட்டது உண்மை. பள்ளிக்கூடம்கூடப் போகாத வாப்பாவுக்குத் தெரிந்தது அந்தக் கணக்கில் இல்லை. மூடியைத் திரும்ப முன்னால் கொண்டுவர இரண்டாவது ஸ்பிரிங்கும் நான் வைக்கவில்லை. நாடகத்தில் ஒரு குண்டுதானே, போன மூடி போனதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். (போனதாகவே இருந்தது.)

ஒத்திகையில் செல்லத்துரை சார் விசையை அழுத்தினார். "யம்மா!" என்று துள்ளினார். மூடி பின்னால் வந்து அவர் கட்டைவிரலில் இடித்து நின்றது. விரல் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது.

"டீச்சர், இது துப்பாக்கியா, எலிப்பொறியா?"

"உங்களுக்குப் பிடிக்கத் தெரியல சார். கட்டைவிரலை மேல வச்சா அடிக்கத்தான் செய்யும். கீழ இறக்கிப் பிடிக்கணும்."

"அப்ப நீங்களே சுட்டுக்கிடுங்க, தாயி."

இங்கேதான் என் படிப்பு என்னைக் கவிழ்த்தது. அந்த மூடியை நிறுத்தியது செல்லத்துரை சாரின் விரல்தான். உலகத்திலேயே அந்தத் துப்பாக்கிக்கு இருந்த ஒரே தடுப்பு அதுதான். சரியாகப் பிடிப்பது எப்படி என்று அரை மணி நேரம் பாடம் நடத்தி, அந்தத் தடுப்பை நானே அகற்றினேன்.

செல்லத்துரை சார் திரைக்குப் பின்னால் ஓலைவெடி வெடிக்கும் வேலைக்குப் போனார். வாலிபர் வேடம் எனக்கு வந்தது. (பெயிண்ட் உரிந்துவிடும் என்று, மீதி ஒத்திகைகளில் நான் விசையை அழுத்தாமல் வாயாலேயே 'டப்' என்றேன்.) குடுமி, மீசை, வேட்டி. செய்தி வீட்டுக்குப் போனது.

"மீசை வைக்கப் போறியாமே?" என்று உம்மா தலையில் கைவைத்தாள். "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா நான் என்னத்தச் சொல்ல?"

"மாப்பிள்ளைக்கு மீசை இல்லன்னு நீங்கதான உம்மா சொன்னிய? வீட்டுல ஒருத்தருக்காவது இருக்கட்டும்."

இனி எங்கள் பள்ளியின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. ஆண்டுவிழாவில் செயலாளர் மேடையை விட்டு இறங்க மாட்டார். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். கோலாட்டம் நடந்தாலும் கரகம் நடந்தாலும் மேடையின் இடது ஓரத்தில் அவருடைய பெரிய நாற்காலி, அதில் அவர், நாட்டுப்பண் பாடும்வரை. ஒருமுறை பிள்ளைகள் காட்டு விலங்கு நாடகம் போட்டபோது, சிங்கத்துக்கும் கரடிக்கும் நடுவே அவர் வெள்ளை வேட்டி சட்டையோடு உட்கார்ந்திருக்கும் படம் வராந்தாவில் மாட்டியிருக்கிறது.

எங்கள் நாடகத்தில் ரயில் பெட்டி மேடையின் வலது ஓரத்தில். நான் அதைப் பார்த்து நிற்க வேண்டும். அதாவது எனக்கு நேர் பின்னால் செயலாளர். வினைக்கு எதிர்த்திசையில் எதிர்வினை உண்டு என்று ஐந்து வகுப்புகளுக்கு நடத்திய நான், எதிர்த்திசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருதடவை திரும்பிப் பார்க்கவில்லை.

அருணாசலம் சார் முகம் முழுக்கப் பவுடர் அப்பி, தொப்பி வைத்து, பெட்டிக்குள் ஆங்கிலத்தில் இருமிக்கொண்டிருந்தார். நான் பாய்ந்து போய், "உன் ஆட்டம் இன்றோடு முடிந்தது!" என்று கத்தினேன். கட்டைவிரலைக் கீழே இறக்கி, கலைக்களஞ்சியத்தில் இருந்தபடியே பிடித்து, அழுத்தினேன்.

'தெக்' என்று ஒரு சத்தம். கை லேசானது. காதோரம் ஏதோ காற்று போனது.

"ஏ! என்னைச் சுட்டுட்டா!" என்று பின்னாலிருந்து ஒரு அலறல். அதற்குப் பிறகுதான் செல்லத்துரை சாரின் ஓலைவெடி வெடித்தது.

மூடி செயலாளரின் சட்டைப் பையில் போய் இடித்திருந்தது. பையில் அவருடைய மைப்பேனா. அதிகாரிகளைப் போல அவருக்கும் பச்சை மையில் கையெழுத்துப் போட ஆசை. பேனா உடைந்து வெள்ளைச் சட்டையில் பச்சை பரவியது. அவர் நெஞ்சைப் பிடித்தார். கையைப் பார்த்தார்.

"ரத்தம்! ரத்தம்லா வருது!"

வெடித்த கையோடு ஓடிவந்த செல்லத்துரை சார் குனிந்து பார்த்தார். "அண்ணாச்சி, இது பச்சையா இருக்கு."

"பச்சையாவா? அப்ப விஷம் தடவிச் சுட்டுருக்காவே!"

"மை, அண்ணாச்சி. பேனா மை."

"என் ரத்தம் எனக்குத் தெரியாதாவே?"

இதற்குள் செத்திருக்க வேண்டிய கலெக்டர் பெட்டியிலிருந்து குதித்து, "அய்யோ, அண்ணாச்சி!" என்று தொப்பியோடு ஓடிவந்தார். கூட்டம் எல்லாவற்றையும் நாடகம் என்று நினைத்தது. "ஏலே, கலெக்டர் சாவாம ஓடுதாம்லே!" என்று ஒருவர் கத்த, "சாவும் வே, சாவும்!" என்று பின்வரிசை முழுக்கக் கைதட்டியது. அருணாசலம் சார் ஒரு நிமிடம் குழம்பி, நடுமேடையில் பாதி விழுந்து, பிறகு எழுந்து ஓடினார். (இதை அவர் எந்தக் கல்யாண வீட்டிலும் சொல்வதில்லை.)

நான் மன்னிப்புக் கேட்க ஓடினேன். ஒரு பக்க மீசை தொங்கியது. கையில் துப்பாக்கி இருந்தது எனக்கு நினைவே இல்லை. செயலாளருக்கு நன்றாகத் தெரிந்தது.

"பிடிங்கவே அவளை! திரும்பவும் வாரா!"

"அண்ணாச்சி, அது குண்டு இல்ல, மேல்மூடி. பயப்படாதிய" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் விளக்கினால் எவருக்கும் எல்லாம் புரியும் என்ற நம்பிக்கை அப்போது எனக்கு இருந்தது. அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் மைக் நின்றதை நான் கவனிக்கவில்லை. துப்பாக்கியை ஆட்டி ஆட்டி நான் சொன்னது மைதானம் முழுக்கக் கேட்டது: "ஒவ்வொரு வினைக்கும் எதிர்வினை உண்டு, அண்ணாச்சி! சமமா இருக்கும்! தப்பவே முடியாது!"

"மிரட்டுதாவே!" என்றார் அவர். "ஊரு கேக்க மைக்குல மிரட்டுதா!"

தலைமையாசிரியர் புத்திசாலி. நாட்டுப்பண்ணைப் போடச் சொல்லிக் கைகாட்டினார். ஒலிபெருக்கியில் பாட்டு வந்ததும் எல்லாரும் நேராக நின்றோம். நான் பாதி மீசையோடு, கலெக்டர் பவுடரோடு, செயலாளர் பச்சை நெஞ்சோடு. பாட்டு முடியும்வரை அவர் கொஞ்சம்கூட ஆடவில்லை. சுடப்பட்டவர் அப்படி நிற்பாரா? அருணாசலம் சார் பதில் சொல்லட்டும்.

மறுநாள் பஸ்ஸில் நடத்துநர் எனக்குச் சீட்டுக் கொடுக்கும்போது இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். துபாய் மாப்பிள்ளை வீட்டிலிருந்து, பையனுக்கு இப்போது கல்யாண எண்ணமே இல்லை என்று சேதி வந்தது. வேலையும் போனது என்று முடிவு செய்து நான் மேசையைக் காலி செய்தேன். பத்தாவது நாள் தலைமையாசிரியர் கூப்பிட்டு ஒரு உறையைக் கொடுத்தார். நிரந்தர நியமன உத்தரவு. அழுதுவிட்டேன். எத்தனை மதிப்பெண், எத்தனை நாள் இரண்டு பஸ், எல்லாவற்றுக்கும் கிடைத்தது என்று நினைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே அருணாசலம் சார் ஆசிரியர் அறையில் ஆரம்பித்துவிட்டார். "அண்ணாச்சி பயந்துட்டாருல்லா! வேலை கொடுக்கலன்னா அடுத்த தடவை முன்பக்கமாச் சுட்டுருவான்னு கையெழுத்துப் போட்டுட்டாரு!"

இதன் பலனை இன்றும் அனுபவிக்கிறேன். குடும்பப் படம் எடுக்கும்போது நான் எப்போதும் கடைசி வரிசை. எனக்குப் பின்னால் நிற்க ஒருவரும் சம்மதிப்பதில்லை. நான் குக்கர் மூடியைத் திறந்தால் என் வீட்டுக்காரர் அடுப்படியைச் சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பார். "முன்னால நின்னா ஆபத்து இல்ல" என்பார். என் மகள் கல்லூரிக்குப் போய், அங்கேயும் இதைப் பரப்பிவிட்டாள். சிரிக்கட்டும். என் மடத்தனத்துக்கு நானும் சிரித்திருக்கிறேன்.

ஆனால் ஒன்றைச் சிரித்துக் கடக்க என்னால் முடியவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் வகுப்புக்குள் நுழையும்போது ஒரு நொடி தோன்றுகிறது: இந்த நாற்காலி படித்ததற்குக் கிடைத்ததா, பயமுறுத்தியதற்குக் கிடைத்ததா? அருணாசலம் சாருக்கு அது தெரியாது. அவர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறவர். தெரிந்தவர் ஒருவர்தான்.

செயலாளர் அண்ணாச்சி, உங்களுக்கு எண்பது தாண்டிவிட்டது. இப்போது உங்கள் மகன் செயலாளர் என்றாலும் பெற்றோர் கூட்டத்துக்கு நீங்கள் தவறாமல் வருகிறீர்கள். வருகிற கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டபோது உங்கள் முன்னால் என் மதிப்பெண் பட்டியல் இருந்ததா, இல்லையா? போனில் கூப்பிட்டுத் தனியாகச் சொல்ல வேண்டாம். அத்தனை தாய் தகப்பனும் கேட்கச் சொல்லுங்கள். பயந்துதான் போட்டேன் என்றால் அதையும் சத்தமாகவே சொல்லுங்கள். நான் வேலையை விடப் போவதில்லை.