மருந்து தராத கம்பவுண்டர்

நோயாளியைக் கண்டாலே பற்றி எரிந்த கம்பவுண்டர் இந்தப் பூவுலகில் ஒருவர்தான். அவரும் எங்கள் பூவிருந்தவல்லி பஜார் டிஸ்பென்சரிக்கே வந்து வாய்த்தார். ‘வெளிய போ கம்பவுண்டர்’ என்றுதான் ஊரில் பெயர். டாக்டர் செவ்வாய், வெள்ளி மட்டும் வருவார். மற்ற ஐந்து நாட்களும் இவர் ராஜ்யம். காய்ச்சல், பேதி என்றால் ஒழுங்காக மருந்து கலப்பார். தூக்கமில்லை, மனசு சரியில்லை என்று யாராவது வாயைத் திறந்தால் போச்சு.

“வெளிய போ! மரம் கீது, வயக்காடு கீது, ஏரி கீது. அத்த உட்டுட்டு இங்க வந்து சீசாவ நீட்றான் பாரு!”

நசரத்பேட்டை அரிசி மண்டிக்காரர் ஒருவர் மனசு பாரமாக இருக்கிறது என்று குதிரை வண்டியில் வந்து இறங்கினார். கம்பவுண்டர் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவரை வரப்பு வழியாக நடந்தே வீடு போகச் செய்தார். மண்டிக்காரர் வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனார். மறுநாள் தானாகவே நடந்து வந்து மீதியைத் திட்டினார். முகம் மட்டும் தெளிந்திருந்தது.

என் விஷயத்துக்கு வருகிறேன். இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து பட்டணத்துக்காரர்கள் இங்கே நிலம் வாங்கக் குவிந்த காலம் அது. பத்திரப் பதிவு ஆபீசில் நான் நகல் எழுதும் தற்காலிகக் குமாஸ்தா. இரவில் கண்ணை மூடினாலும் கிழக்கு எல்லை, மேற்கு எல்லை என்றே ஓடும். முதலில் தூக்கம் போயிற்று. பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. பதிவுப் புத்தகத்தில் ஒரே வாரத்தில் மூன்று மைக்கறை. தலைமைக் குமாஸ்தா கூப்பிட்டார்.

“மாசக் கடைசிக்குள்ள கை நடுக்கம் நிக்கணும். இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்.”

கழுவிக் காயவைத்த சீசாவும் தக்கையுமாகக் கம்பவுண்டரிடம் போனேன்.

“இன்னா?”

“கை நடுங்குது சார். தூக்கமில்லே. ஏதாவது மருந்து...”

“மருந்தா? ஆபீஸ் உட்டதும் சென்னீர்குப்பம் ஏரிக்கரைக்குப் போய் ஒரு மணி நேரம் சொம்மா குந்து. சீசாவ எட்த்துகினு நட!”

வேலை போகப் போகிறவனை ஏரி பார்க்கச் சொல்கிறாரே! கொதித்துப் போனேன். ஆனால் வேறு வழியில்லை, போனேன். சொன்னபடி செய்ததற்கு அத்தாட்சி வேண்டுமே என்று நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டேன்: வரிசை எண், நேரம், விவரம், குறிப்பு. மறுநாள் அதை நீட்டினேன். கம்பவுண்டர் உரக்கப் படித்தார்.

“அஞ்சு பத்துக்குக் கொக்கு பதினாலு. அஞ்சு இருபதுக்குக் கொக்கு பதிமூணு, ஒண்ணு மேற்கே பறந்தது.” நோட்டை மூலையில் வீசினார். “யோவ் ரைட்டரு! கொக்கு இன்னா பத்திரம் பதியவா வந்திச்சு? சாட்சிக் கையெய்த்து வாங்கினியா?”

அன்று மாலை நோட்டில்லாமல் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் பின்னாலிருந்த பனைமரத்து மறைவிலிருந்து கம்பவுண்டரின் குரல் இடித்தது.

“வெரல மடக்காதே, கஸ்மாலம்!”

கொக்கு அத்தனையும் பறந்துவிட்டது. வாழ்நாளில் முதல் முறையாக ஒரு மனிதரைப் பார்த்துக் கத்தினேன். “எனக்கு வேலை போவுது! உங்களுக்கு விளையாட்டா இருக்கா?”

“வேலை போனா வேற வேலை கீது. நீ போய்ட்டா இன்னாய்யா பண்றது?” என்று அவர் என்னைவிட உரக்கக் கத்தினார்.

கால் மணி நேரம் கரையில் சண்டை. தொண்டை கட்டியதும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தோம். தண்ணீர் மேல் காற்று வந்தது. கொக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எத்தனை என்று தெரியாது. எப்போது எழுந்தேன் என்பதும் தெரியாது. தினமும் படுக்குமுன் மணிக்கணக்கோடு எழுதும் என் டைரியில் அந்த ஒரு நாளுக்கு மட்டும் நேரம் இல்லை. அன்றிரவு தூங்கினேன்.

பிறகு தினமும் போனேன். அவரும் தினமும் வந்து, பத்தடி தள்ளிக் குந்திக்கொண்டு என்னை முறைத்தார். மாசக் கடைசியில் தலைமைக் குமாஸ்தா என் நகல்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு கறை இல்லை. “சரி, நீயே இரு” என்றார்.

ஏரிக்கரைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

“கை நின்னுட்ச்சா?”

“நின்னுடுச்சு சார்.”

கம்பவுண்டர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ நாளைலர்ந்து வரமாட்டே.”

அவர் கோபமில்லாமல் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். மறுநாள் ஐந்து நிமிடம் முன்னதாகவே போய் உட்கார்ந்துவிட்டேன்.