தொட்டிலுக்குத் தப்பிய படிப்பு

யுத்தத்தில் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்ததும் என் கருப்பட்டிக் கடையை இருட்டுமுன்னே பூட்ட வேண்டியதாயிற்று. அன்று பிடித்தது சனி. சீக்கிரம் வீட்டுக்கு வருகிற மனுஷன் தொட்டில் ஆட்டினால் என்ன என்று கேட்டாள் என் மனைவி செல்லக்கனி. எங்கள் கைக்குழந்தை எவ்வளவு ஆட்டினாலும் தூங்க மாட்டான். அவன் போடும் சத்தத்தில் துறைமுகத்துக் கப்பலே சங்கு ஊதுவதை நிறுத்திக்கொள்ளும்.

ஆகவே மகத்தான ஒரு முடிவு செய்தேன். ஒரு மாதம் முழுக்க அறிவு நூல்கள் படிப்பது. துறைமுக ஆபீஸ் குமாஸ்தா ஜெபசிங்கிடம் மின்சாரம், நீராவி, சமுதாயம் என்று தலையணை கனத்தில் சில புத்தகங்கள் இரவல் வாங்கினேன். படிக்கிறவனைப் பிள்ளை ஆட்டச் சொல்ல முடியுமா?

செல்லக்கனி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

இரண்டொரு நாளில், படிப்பதைத் தனக்கும் வாய்விட்டு விளக்கச் சொன்னாள். தொட்டிலுக்கு முன்னால் நாற்காலி போட்டாள். சுக்குக் காப்பி வைத்தாள். கல்யாணமானதிலிருந்து நான் பேசி அவள் கேட்டதே கிடையாது. பயலும் அழுகையைக் குறைத்திருந்தான். வளர்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

இவள் எதற்குக் கேட்கிறாள்? மில்லர்புரத்தில் இருக்கும் தன் அண்ணனிடம் சொல்லி என்னை மட்டம் தட்டவா? புத்தகத்துக்குள் காதல் கதை ஒளித்திருக்கிறேனா என்று வேவு பார்க்கவா? ஒரு நாள் சோதித்தேன்.

"டைனமோவுக்குள்ள அரை வீசை கருப்பட்டி போட்டாத்தான் கரண்டு வரும்."

"ஆமா, பின்னே," என்றாள், முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே.

அவள் கேட்கவே இல்லை. சந்தேகம் இரட்டித்தது.

மாதக் கடைசியில், நான் சமுதாயத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அல்போன்சா வந்தாள். தோளில் வீறிடும் பிள்ளை.

"அண்ணாச்சி, எம் புள்ளையையும் இங்கன கிடத்தட்டுமா? நீங்க ரெண்டு பக்கம் வாசிச்சா புள்ளை உறங்கிருமாமே."

திரும்பிப் பார்த்தேன். என் மகன் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். செல்லக்கனிக்கு வெட்கமே இல்லை. முதல் நாள் நான் முணுமுணுத்துப் படித்தபோதே பயல் சொக்கிப்போனானாம். அப்புறம்தான் அவளுக்கு மின்சாரத்தில் ஆசை வந்ததாம்.

"ஏளா, நாளையோட மாசம் முடியுது. இனி நான் படிக்கப் போறதில்ல," என்றேன் விறைப்பாக.

"அப்படிச் சொல்லாதிய. அல்போன்சா வீட்டுக்காரரு வக்கீல் ஆபீஸுல சட்டப் புஸ்தகம் கேட்டிருக்காரு. அவ புள்ளைக்கு மின்சாரம் பத்தாதாம்."