இருண்ட திரையும் ஆற்றுப் பாலமும்

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே கணினி உட்பட அனைவரும் நலம். கணினி நலமடைந்த கதையைச் சொல்லவே இக்கடிதம்.

பத்து நாள் எங்களோடு தங்க வந்த என் மகள், தான் வடிவமைத்த ஆற்றுப் பாலத்தை இன்று மூன்று மணிக்குக் கணினி வழியே அதிகாரிகளுக்குக் காட்டவேண்டியிருந்தது, ஒன்றரை வருட உழைப்பு, அவர்கள் தலையாட்டினால்தான் பாலம், இதெல்லாம் உங்களுக்கே தெரியும். காலையில் அவள் குளிக்கப் போயிருந்தாள். மேசையைத் துடைக்கப் போன என்னிடம் திரை, 'புதுப்பிக்கலாமா?' என்று பணிவாகக் கேட்டது. வரைபட அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். பணிவாகக் கேட்டவருக்கு இல்லையென்று சொன்னதே கிடையாது. 'சரி' என்று அழுத்தினேன். அது தானாக அணைந்து, தானாக எழுந்து, கன்னங்கரேலென்று நின்றுவிட்டது.

"அப்பா, என்ன பண்ணீங்க?"

"துடைச்சேன்மா."

"அப்புறம்?"

"சரின்னு சொன்னேன்."

அவள் கத்தவில்லை, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தாள். மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. "படம் காட்டுற அட்டையோட பேசுறதுக்கு டிரைவர்னு ஒண்ணு இருக்குப்பா. கணினியை நடத்துற லினக்ஸ் புதுசா மாறிடுச்சு, டிரைவர் பழசுலயே நிக்குது. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்ல" என்றாள். சம்பந்திச் சண்டை போல எனக்கு உடனே புரிந்துவிட்டது. பழைய டிரைவரை வேரோடு பிடுங்கி, புதியதை அங்கேயே கட்டினாள். எழுத்துகள் மழையாகக் கொட்ட, அவள் ஒவ்வொரு வரியையும் படித்தாள், மாப்பிள்ளை, ஒவ்வொரு வரியையும்! கணினியை அணைத்து எழுப்பிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு நீலத் திரை, 'இந்தப் புதிய டிரைவரை நம்பலாமா?' என்று கேட்டுப் பத்து விநாடி கெடு வைத்தது. பட்டுத் தெளிந்தவன் அல்லவா, 'வேண்டாம்' என்று அழுத்தினேன்.

"ஐயோ அப்பா, இதுக்குத்தான் சரின்னு சொல்லணும்!"

மறுபடி முதலிலிருந்து. நான் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன். மணி மூன்றடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது திரை பளிச்சென்று விழித்தது.

அடடா, அந்தப் பாலம்! ஆயுசு முழுக்க ஆறுகளை மேலிருந்தே வரைந்தவன் நான். அவள் விரலால் தள்ள, பாலம் சுழன்றது. தண்ணீரிலிருந்து அண்ணாந்து பார்ப்பதுபோல் அதன் அடிவயிறு தெரிந்தது. ஒவ்வொரு திருகாணியும் தெரிந்தது. வெயில் சாயச்சாயத் தூண்களின் நிழல் நகர்ந்தது. எட்டு அதிகாரிகளுக்கு அவள் குறிப்புச் சீட்டுகூட இல்லாமல் விளக்கினாள்.

கல்யாணத்தன்று உங்களிடம், "பொண்ணுக்கு விவரம் பத்தாது, பாத்துக்குங்க" என்றேன். அந்த வார்த்தையை இத்துடன் திரும்பப் பெறுகிறேன். இனி நீங்கள்தான் பார்த்து நடந்துகொள்ளவேண்டும்.

நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி, பேச்சுவார்த்தை முறியாமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பி.கு.: அதிகாரிகளின் பதில் இப்போதுதான் வந்தது. இணைப்புக் கோளாறால் அவர்களுக்குப் படம் ஒரு விநாடிகூடத் தெரியவில்லையாம். குரல் மட்டும் கேட்டதாம், அவள் சொன்ன விதத்திலேயே பாலம் கண்முன் நின்றதாம், ஒப்புதல் தந்துவிட்டார்கள். அவள் கால் மணி நேரமாக நாற்காலியில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள்.