வலது மேல, உச்சி இடது

“யோவ், கழுத்தை விடுய்யா! அது என்ன தண்ணிக் குழாயா?”

தையல்காரர் போட்ட கூச்சலில்தான் சலூன்காரருக்குச் சுயநினைவு வந்தது. வாய் “வலது மேல, உச்சி இடது, வலது கீழ, உச்சி வலது” என்று முணுமுணுக்க, கைகள் அந்த மனிதரின் தலையை அதே கணக்கில் திருகிக்கொண்டிருந்தன.

எல்லாம் மச்சானால் வந்த வினை. ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்த மனைவியின் தம்பி, மாதக்கணக்கில் கூடத்து சோபாவில் வேர்விட்டுவிட்டான். டிவி ரிமோட் அவன் தலையணைக்கடியில். வீட்டுக்குச் சொந்தக்காரர் பிளாஸ்டிக் ஸ்டூலில். போகச் சொல்லவும் வழியில்லை. சொன்னால் சமையலறையில் பாத்திரங்கள் பேச ஆரம்பித்துவிடும்.

அவனிடம் ஒரு வண்ணக் க்யூப் இருந்தது. எப்படிக் கலைத்துக் கொடுத்தாலும் மளமளவென்று சுற்றி, பக்கத்துக்கு ஒரே நிறமாக ஆறு பக்கமும் சேர்த்துவிடுவான். ஒருநாள் சலூன்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், “இதென்ன பெரிய வித்தை?” என்று கேட்டுவிட்டார்.

“அப்ப என்னை ஒரே ஒரு தடவை ஜெயிச்சுக் காட்டுங்க மாமா. அன்னிக்கே பெட்டியைத் தூக்கிடறேன்.”

மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றே ஒரு க்யூப் வாங்கிவிட்டார். சொல்லிக்கொடுத்ததும் மச்சானேதான். தினமும் கடைக்கே வந்துவிடுவான். அந்த விஷயத்தில் தங்கமான ஆள்.

“நீங்க ஓரமா உக்காந்து பழகுங்க மாமா. இவரை நான் பாத்துக்கறேன்,” என்று, கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த தையல்காரரைப் பக்கத்து நாற்காலிக்குக் கூட்டிப் போனான். அவனுக்கு அப்போது கத்தரி பிடிக்கவே சரியாகத் தெரியாது. அதனால் என்ன? முடி வளரும், மானம் வளருமா?

“க்யூப் இறுகலா இருக்குடா, வேகமே வரலை.”

“ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க மாமா.”

மாமா தலைக்குத் தேய்க்கும் எண்ணெயில் அரை பாட்டிலை விட்டார். அடுத்த சுற்றில் க்யூப் கையை விட்டுப் பறந்து, முகச்சவரத்துக்குக் காத்திருந்த வாத்தியாரின் சோப்பு நுரைக்குள் இறங்கியது. வாத்தியாரும் பக்கத்து நாற்காலிக்கு மாறினார்.

சலூன்காரர் க்யூபைக் கழற்றி, ஷாம்பு போட்டுக் கழுவி, திரும்ப மாட்டினார். அதன் பிறகு எப்படிச் சுற்றினாலும் ஒரு மூலை மட்டும் சேரவே இல்லை. தன் மூளைதான் மழுங்கிவிட்டது என்று நொந்துபோய்ச் சாப்பாட்டைக்கூடக் குறைத்தார்.

மச்சான் எட்டிப் பார்த்தான். “மாட்டறப்ப ஒரு மூலையைப் புரட்டி மாட்டியிருக்கீங்க. இப்படியே ஆயுசுக்கும் சுத்தினாலும் சேராது.” ஒரு கையில் சவரக்கத்தி, மறு கையால் மூலையை டக்கென்று திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனான்.

“மாமா, இன்னொண்ணு. கை ஒண்ணைச் சுத்தறப்பவே கண்ணு அடுத்ததைத் தேடணும். அதுலதான் வேகமே இருக்கு.”

நல்ல பாடம். சலூன்காரர் அதைத் தொழிலிலும் செய்து பார்த்தார். கை போலீஸ்காரரின் மீசையில், கண் பெஞ்சில் காத்திருந்த அடுத்த தலையில். பாதி மீசை போய்விட்டது. மச்சான் ஓடிவந்து மீதியையும் வழித்து, “இப்பதான் சார் உங்களுக்கு வயசே குறைஞ்சிருக்கு,” என்றான். போலீஸ்காரர் கண்ணாடியைப் பார்த்தார், நம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு மாமாவின் நாற்காலி காலியாக இருந்தாலும் வந்தவர்கள், “அவசரமில்லை, தம்பி வரட்டும்,” என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சலூன்காரருக்குப் பரம திருப்தி. பழக நேரம் கிடைக்கிறதே!

கடையிலேயே போட்டி வைத்தார்கள். தலையில் ஒரு முடிகூட இல்லாமல், பேப்பர் படிக்க மட்டும் தினமும் வரும் பெரியவர்தான் நடுவர். அவர் கைதட்டியதும் இருவரும் ஆரம்பித்தார்கள். சலூன்காரரின் விரல்கள் தானாகவே ஓடின. பக்கத்தில் மச்சானின் க்யூப் எப்படியோ நழுவி நாற்காலிக்கடியில் உருண்டது. அவன் குனிந்து தேடி எடுப்பதற்குள் மாமா ஆறு பக்கமும் சேர்த்துத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார்.

“சொல்லிக்கொடுத்தவனையே தோக்கடிச்சிட்டீங்க மாமா!” வீட்டில் அவன் பெட்டி ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்தது. வாக்குத் தவறாத பிள்ளை என்று சலூன்காரருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அன்று சோபாவில் நீட்டிப் படுத்து, பிடிக்காத சேனலைக்கூட ஆசைதீரப் பார்த்தார்.

மறுநாள் கடையைத் திறந்தார். வெயில் உச்சிக்கு ஏறியும் ஒரு தலையைக் காணோம். கடைசியில் வழுக்கைப் பெரியவர் மட்டும் வந்தார்.

“நேத்து எப்படி? பாத்தீங்கல்ல!”

“பிரமாதம்ங்க,” என்றபடி பெரியவர் பேப்பரை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

“அட, எங்க எடுத்துட்டுப் போறீங்க? உக்காந்து படிங்க!”

“அடுத்த தெருவுக்குங்க. உங்க மச்சான் இன்னிக்குத் திறந்த சலூன்ல இன்னும் பேப்பர் போடலை. நம்ம ஆளுங்க எல்லாரும் அங்க சும்மா உக்காந்திருக்காங்க, பாவம்.”